அத்தியாயம் 7: மனிதருக்கான அமினோ அமிலக் குளிசையை நாய்க்குக் கொடுக்கலாமா?

மன்னார்த் தீவிலும் அதை ஒட்டிய கரையோர ஊர்களிலும் பல வீட்டு அலுமாரிகளில் லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வந்த சத்துக் குளிசைப் போத்தல் ஒன்று கிடக்கும். ஜிம்முக்குப் போகும் பிள்ளை உள்ள வீட்டில் புரோட்டீன் பவுடர் டின் இருக்கும். முற்றத்தில் விலா எலும்பு தெரிய நாய் படுத்திருக்கும். "இதில கொஞ்சம் சோத்தில பிசைஞ்சு குடுத்தா உடம்பு பிடிக்கும்தானே?" என்று யாராவது கேட்பார்கள். அந்த உயிர்மேல் உள்ள பாசத்தால் கேட்பது அது. ஆனால் பாசத்தோடு கொடுத்த குளிசையும் உயிரை எடுக்கக்கூடும். அதனால்தான் இதற்கென ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியமான நாய்க்கு அமினோ அமிலக் குளிசை தேவையில்லை. அதற்கு வேண்டியது நம் கடலிலேயே இருக்கிறது. மெலிந்த நாய்க்கு முதலில் வேண்டியது, அது ஏன் மெலிந்தது என்ற காரணம். சில நோய்களுக்குச் சில அமினோ அமிலங்கள் உண்மையாகவே மருந்து. அவற்றை மிருக வைத்தியர் எடைக்கு அளந்து சொன்ன பிறகே கொடுக்க வேண்டும்.

நாயின் உடலுக்கு என்ன வேண்டும்

புரதம் வயிற்றில் செரித்து அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. தசை, மயிர், இரத்தம், நோய் எதிர்ப்புப் பொருட்கள் எல்லாவற்றையும் உடல் இவற்றைக் கொண்டே உண்டாக்குகிறது. இவற்றுள் பத்தை நாயின் உடலால் போதிய அளவு தானாக ஆக்க முடியாது; சாப்பாட்டில்தான் வரவேண்டும். அவை ஆர்ஜினின், ஹிஸ்ரிடின், ஐசோலூசின், லூசின், லைசின், மெதியோனின், பீனைல்அலனின், திரியோனின், ட்ரிப்டோபான், வலின்.

இந்தப் பத்தும் ஒன்றாக வேலை செய்பவை. கரைவலை இழுக்கும்போது ஒரு பக்கக் கயிற்றில் ஆள் குறைந்தால் மறுபக்கத்தில் எத்தனை பேரைக் கூட்டினாலும் வலை ஒழுங்காகக் கரையேறாது. அதேபோல ஒரு அமினோ அமிலம் குறைந்தால் மற்ற ஒன்பதைக் கூட்டிக் கொடுத்துப் பயனில்லை. ஒன்றை மட்டும் அளவுக்கு மீறிக் கொடுத்தால் இன்னொன்றுக்கு அது தடையாகவும் வரும். வளரும் குட்டிகளுக்கு லைசின் மிகையானால் ஆர்ஜினின் வேலை செய்வது கெடும். தனி அமினோ அமிலக் குளிசையை யோசிக்காமல் கொடுப்பதில் உள்ள முதல் பிழை இதுதான்.

டோரினைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இதயத் தசைக்கு இது மிக அவசியம். பூனையால் இதைப் போதிய அளவு ஆக்க முடியாது. பெரும்பாலான நாய்கள் மெதியோனின், சிஸ்ரீன் ஆகியவற்றிலிருந்து தாமே ஆக்கிக்கொள்கின்றன. சில இனங்களில் மட்டும் இது சறுக்குகிறது; அதைப் பின்னால் பார்ப்போம்.

சூடை மீனும் குளிசையும்: ஒரு கணக்கு

12 கிலோ எடையுள்ள ஊர் நாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு அதற்கு ஏறத்தாழ 700 கிலோகலோரியும் 30 கிராமுக்குச் சற்றுக் கூடுதலான புரதமும் கிடைத்தால் நல்லது. குழம்பு ஊற்றிய வெறும் சோறும் காய்ந்த பாணும் மட்டும் தின்னும் நாய் இதில் பாதியைத் தொடுவதே கடினம். அரிசியில் லைசின் குறைவு என்பதால் உள்ள புரதமும் முழுதாகப் பயன்படாது.

ஓர் அமினோ அமிலக் குளிசையில் பெரும்பாலும் அரை கிராம் முதல் 1 கிராம் வரைதான் இருக்கும். 120 கிராம் சூடை மீன் சதையில் புரதம் மட்டும் 24 கிராம் அளவில் இருக்கிறது. பத்து அமினோ அமிலமும் அதில் உண்டு. அந்த நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய லைசினை விடக் கூடுதலாகவே அந்த மீன் தந்துவிடும். வெளிநாட்டுப் போத்தலின் விலையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2022 பொருளாதார நெருக்கடியில் இறக்குமதி நாய்த் தீனியின் விலை ஏறிய பிறகு வீட்டுச் சமையலுக்கு மாறியவர்கள் பலர். அவர்களுக்கும் பயன்படும்படி ஒரு நாள் அளவைத் தருகிறேன் (12 கிலோ நாய், இரண்டு நேரச் சாப்பாடு):

- சுத்தம் செய்த சூடை, கீரி அல்லது கும்பளா: 120 கிராம்
- சோறு: 250 கிராம்
- அவித்த மைசூர்ப் பருப்பு: 60 கிராம்
- அவித்த முட்டை: 1
- பூசணி: ஒரு கைப்பிடி
- தேங்காய் எண்ணெய்: 1 தேக்கரண்டி
- முட்டைக்கோது மா: கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதல்

மீனைத் தண்ணீர் மட்டும் விட்டு அவியுங்கள். தூள், உப்பு, புளி எதுவும் வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். அதனால் வீட்டுக் கறியை அப்படியே ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மீன் வெந்ததும் தண்ணீரை வெளியே ஊற்றாதீர்கள். டோரின் தண்ணீரில் கரையும். அந்தத் தண்ணீரிலேயே சோற்றையும் பருப்பையும் பிசைந்தால் அது வீணாகாது. நடுமுள்ளை எடுத்துவிட்டு, சிறு முட்களை விரலால் நசித்துப் பாருங்கள். மாவாக உடைந்தால் இருக்கட்டும், குத்தினால் எடுத்துவிடுங்கள். நெத்தலி என்றால் தலையோடு முள்ளோடு நன்றாக அவித்து மசித்துக் கொடுக்கலாம். அதில் கல்சியமும் கிடைப்பதால் அன்றைக்கு முட்டைக்கோது தேவையில்லை.

இந்தச் சாப்பாட்டில் மொத்தப் புரதம் 40 கிராம் அளவுக்கு வரும். மீனை எடுத்துவிட்டால் 17, 18 கிராமுக்கு இறங்கிவிடும். பருப்பு நல்ல துணை. அரிசியில் குறையும் லைசினை அது நிரப்பும். ஆனால் அதில் மெதியோனின் குறைவு, ஆகவே மீனுக்குப் பதிலாகப் பருப்பை வைக்க முடியாது. சோளகமும் வாடையும் கடுமையாக வீசிப் படகு இறங்காத நாட்களில் இரண்டு மூன்று முட்டை, கோழி ஈரல் கொஞ்சம், அல்லது கோழிச் சதை சேருங்கள். கணவாயிலும் மட்டியிலும் டோரின் நிறைய உண்டு; மலிவாகக் கிடைக்கும் நாளில் அவித்துச் சேர்க்கலாம்.

கரையோர நாய் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை நான்கு:

1. பச்சை மீனைத் தொடர்ந்து கொடுக்காதீர்கள். சூடை, நெத்தலி போன்றவற்றிலும் மட்டியிலும் விற்றமின் பி1-ஐ அழிக்கும் ஒரு நொதியம் இருக்கலாம். அவித்தால் அது செயலிழந்துவிடும்.
2. கருவாட்டில் உப்பு மிக அதிகம். வேறு வழியில்லாத நாளில் மட்டும், பல தடவை தண்ணீர் மாற்றி ஊறவைத்து, அவித்து, கொஞ்சமாகக் கொடுங்கள்.
3. வலையிலிருந்து எறியும் பேத்தை மீனை நாய் தொடாமல் பாருங்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது.
4. பழுதடைந்த மீன் நாய்க்கும் பழுதுதான்.

திரிபோஷவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கர்ப்பிணித் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் அரசு கொடுப்பது. அதை நாய்க்குத் திருப்பாதீர்கள்.

மெலிந்ததற்குக் காரணம் வேறாக இருக்கலாம்

நன்றாகத் தின்றும் நாய் மெலிகிறது என்றால் சத்துக் குளிசையால் அதைத் திருத்த முடியாது. புழு, உண்ணிக் காய்ச்சல், சிறுநீரக நோய், பற்சிதைவு ஆகியவற்றில் ஒன்று உள்ளே இருக்கலாம்.

முதலில் சந்தேகிக்க வேண்டியது கொழுக்கிப்புழு. இவற்றில் ஒரு வகைக்கு இலங்கையின் பழைய பெயரே வைக்கப்பட்டிருக்கிறது: அன்சைலோஸ்ரோமா சைலானிக்கம். 1911 இல் இலங்கையில் ஒரு புனுகுப் பூனையிடமிருந்து எடுத்து முதன்முதலாக விவரிக்கப்பட்டது. ஈரமான நிழல் மணலில் இதன் குஞ்சுப் புழுக்கள் உயிரோடிருக்கும். வெறுங்காலோடு நடக்கும் மனிதரையும் தொற்றும். குடற் சுவரைக் கடித்து இரத்தத்தைக் குடிப்பதால் நாய் தின்ற புரதம் இரத்தமாகவே வெளியேறுகிறது. பூச்சி மருந்து கொடுக்காமல் புரோட்டீன் பவுடர் கொடுத்தால் அந்தச் செலவு புழுவை வளர்க்கத்தான் உதவும். குட்டிகளுக்கு இரண்டு வாரத்திலிருந்து எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும், வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பூச்சி மருந்து கொடுப்பது நல்ல பழக்கம்.

அடுத்தது உண்ணிக் காய்ச்சல். பபீசியா, எர்லிக்கியா போன்ற கிருமிகளை உண்ணி பரப்புகிறது. இரண்டும் இலங்கை நாய்களில் பரவலாக உண்டு. நாயின் மேலுதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். நல்ல நாயின் முரசு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் பழைய நிறம் வரும். முரசு வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருந்தால், மூக்கால் இரத்தம் வந்தால், சிறுநீர் தேயிலைச் சாயம்போல் போனால், அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

சிறுநீரகம் அல்லது ஈரல் பழுதான நாய்க்குப் புரதத்தையும் அமினோ அமிலத்தையும் கூட்டிக் கொடுப்பது நோயையே கூட்டலாம். வெளியே பார்க்க அதுவும் மெலிந்த நாய்தான். வித்தியாசத்தைச் சொல்ல இரத்தப் பரிசோதனை வேண்டும்.

எப்போது மருந்தாகிறது

*டோரின்.* டோரின் குறைந்தால் பூனையின் இதயத் தசை தளர்ந்துவிடும் என்று 1987 இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் நிறுவினார்கள். 1997 இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், இதயத் தசை தளர்ந்த அமெரிக்கன் கொக்கர் ஸ்பானியல் நாய்களுக்கு டோரினும் கார்னிட்டினும் கொடுத்தபோது இதயம் தேறியது. 2018 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது: பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு அதிகமாகச் சேர்த்த, தானியம் இல்லாத தீனி தின்ற நாய்களில் இந்த இதய நோய் காணப்படுகிறது என்று. கோல்டன் ரிட்ரீவர்கள் அதில் நிறைய இருந்தன. தீனிதான் காரணம் என்று இன்றுவரை முடிவாக நிறுவப்படவில்லை; 2022 டிசம்பரில் அந்த நிர்வாகம் புதிய முக்கியத் தகவல் வந்தால் மட்டுமே இனி அறிவிப்பதாகச் சொல்லிவிட்டது.

நமக்கு இதில் உள்ள பாடம் இது. கோல்டன் ரிட்ரீவர், கொக்கர், நியூபவுண்ட்லாந்து போன்ற சாதி நாய் வளர்த்தால், அது சீக்கிரம் களைத்தால், இருமினால், மயங்கி விழுந்தால், இதயத்தை ஸ்கான் செய்து பாருங்கள். வைத்தியர் டோரின் எழுதினால், வேறு எதுவும் கலக்காத மனிதருக்கான டோரின் குளிசையையே வாங்கலாம். மனிதருக்கான போத்தல் நாய்க்கும் பொருந்தும் சில இடங்களில் இது ஒன்று.

*எல்-கார்னிட்டின்.* சில இதய நோய்களுக்கு எழுதுவார்கள். போத்தலில் 'எல்' என்ற எழுத்து இருக்க வேண்டும். 'டி.எல்.' வகை கூடாது. அதிலுள்ள 'டி' பாதி, நல்ல பாதியின் வேலைக்கு இடைஞ்சல் செய்யும்.

*சாமி.* மெதியோனினிலிருந்து உடல் ஆக்கும் பொருள். ஈரல் நோய்க்கு எழுதப்படுவது. குடலில்தான் கரைய வேண்டும் என்பதற்காகக் குளிசைக்கு மேற்பூச்சு போட்டிருப்பார்கள். உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும்.

*என்-அசிற்றைல் சிஸ்ரீன்.* நாய்க்குக் காய்ச்சல் என்று பனடோல் கொடுப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதிலுள்ள பரசிற்றமோல் நாயின் ஈரலையும் இரத்தத்தையும் தாக்கும். அந்த நஞ்சுக்கு வைத்தியர்கள் கொடுக்கும் மாற்று மருந்து இந்த அமினோ அமில வகைதான். இருந்தாலும் வீட்டில் கிடக்கும் பொங்கு குளிசையைக் கரைத்து நீங்களே வைத்தியம் செய்யக் கூடாது. அளவு தவறினால் நேரமும் போகும், நாயும் போகும்.

அலுமாரியில் உள்ள எதைத் தொடக் கூடாது

- *5-எச்.ரி.பி.* நித்திரைக்கும் மனச்சோர்வுக்கும் விற்கப்படும் ட்ரிப்டோபான் வழிப் பொருள். 1989 முதல் 1999 வரை அமெரிக்காவில் பதிவான 21 நாய்களின் நிலையை ஆராய்ந்தபோது, கிலோவுக்கு 23.6 மில்லிகிராமிலேயே நஞ்சுக் குறிகள் தெரிந்தன. கிலோவுக்கு 128 மில்லிகிராம் உயிரை எடுத்தது. 12 கிலோ நாய்க்கு 100 மில்லிகிராம் குளிசை மூன்றே போதும், வலிப்பும் கடுங்காய்ச்சலும் வரலாம். இந்தப் பட்டியலில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான்.
- *தனி மெதியோனின்.* மிகையானால் வாந்தி, தள்ளாட்டம். ஈரல் பழுதான நாய்க்கு மூளையையே பாதிக்கும்.
- *தனி ட்ரிப்டோபான்.* மனநிலை மருந்தோ ட்ரமடோல் போன்ற வலிமருந்தோ எடுக்கும் நாய்க்கு வைத்தியரைக் கேளாமல் கொடுக்கவே கூடாது.
- *உடற்பயிற்சிக்கு முன் குடிக்கும் பவுடர்.* ஒரு கரண்டியில் 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ கபீன் இருப்பது சாதாரணம். கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவிலேயே நாய்க்குப் படபடப்பு தொடங்கும். டோரின் இருக்கிறது என்று சக்திப் பானத்தை ஊற்றுவதும் இதே ஆபத்துத்தான்.
- *மெல்லும் குளிசை, ஜெலி வகை, பொங்கு குளிசை, இனிப்பான புரோட்டீன் பவுடர்.* இவற்றில் சைலிட்டோல் என்ற இனிப்பு இருக்கலாம். கிலோவுக்கு 0.1 கிராம் போதும், நாயின் இரத்தச் சீனி சடுதியாக இறங்கும், 0.5 கிராமில் ஈரல் பழுதாகலாம்.
- *பி.சி.ஏ.ஏ. பவுடர்.* லூசின், ஐசோலூசின், வலின் மூன்றும் சேர்ந்தது. நாய்க்கு இதனால் தனி நன்மை இல்லை; கலந்திருக்கும் சுவையூட்டிகளால் ஆபத்து உண்டு.

லேபிளை வாசிக்கும் முறை

டின்னின் முன்பக்கப் பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துக்குப் போங்கள். பிரெஞ்சிலோ ஜேர்மனிலோ எழுதியிருந்தால் அனுப்பிய உறவினருக்குப் படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள். "அக்கா, இதில சைலிட்டோல் இருக்கா? ஈ967 எண்டு போட்டிருக்கா?" இரண்டு பெயரும் ஒரே இனிப்பைத்தான் குறிக்கும், 'பேர்ச் சீனி' என்றும் போடுவார்கள். அதன் பிறகு கபீன், கிறீன் ரீ சாரம், குவாரானா, அல்பா லிப்போயிக் அமிலம், இரும்பு, விற்றமின் டி ஆகியவற்றைத் தேடுங்கள். 'தனிக் கலவை' என்று மட்டும் எழுதி அளவு போடாத டின் என்றால் அதை நாயின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். கடைசியாக ஒரு குளிசைக்கு எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். மனிதருக்கான அளவு 60, 70 கிலோ உடம்பை நினைத்துப் போடப்பட்டது. ஐந்தில் ஒன்றாகப் பிரித்தால் நாய்க்குச் சரியாகிவிடும் என்பதும் பிழை. நாயின் உடல் சில பொருட்களை வேறு விதமாகவே கையாளுகிறது.

வைத்தியர் கொடுக்கச் சொன்னால் நான்கு விதி: நாயைத் தராசில் நிறுத்து எடையைச் சொல்லுங்கள். ஒரே ஒரு பொருள் மட்டும் உள்ள குளிசையை வாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு புது மருந்தையே தொடங்குங்கள். வாந்தி, வயிற்றோட்டம், தினவு வந்தால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

நாய் போத்தலைக் கடித்துத் தின்றுவிட்டால்

1. மிச்சக் குளிசைகளை எண்ணுங்கள். போத்தலை எறியாதீர்கள்.
2. உடனே மிருக வைத்தியரை அழையுங்கள். குறி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சைலிட்டோல் அரை மணி நேரத்திலேயே வேலையைக் காட்டலாம்.
3. உப்புத் தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே இன்னொரு நஞ்சாகும். சவர்க்கார நுரை நுரையீரலுக்குள் போகும்.
4. சைலிட்டோல் தின்ற நாய் தள்ளாடினால், விழிப்போடு இருந்தால், சீனித் தண்ணீரையோ தேனையோ முரசில் தடவிக்கொண்டே புறப்படுங்கள். மயங்கிய நாயின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.
5. விசர்நாய்த் தடுப்பூசி போடாத நாய் தள்ளாடி எச்சில் வடித்தால் வாயில் கை வைக்கவே வேண்டாம். அது குளிசையின் வேலையாக இல்லாமல் விசர்நோயாகவும் இருக்கலாம்.

தலைமன்னார், பேசாலை, முசலி, மாந்தை போன்ற இடங்களில் இருப்பவர்கள் வைத்தியரிடம் போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். ஆகவே உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தின் இலக்கத்தை இன்றைக்கே தொலைபேசியில் பதிந்து வையுங்கள். அலுவலக நேரத்துக்குப் பின் யாரை அழைக்கலாம் என்றும் கேட்டு வையுங்கள். இதய ஸ்கான் போன்ற பெரிய பரிசோதனை வேண்டுமானால் எங்கே போகலாம் என்று அவர்களே வழிகாட்டுவார்கள். இலங்கையின் ஒரே மிருக வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் பேராதனையில் இருக்கின்றன.

வைத்தியரிடம் போகும்போது ஒரு தாளில் ஐந்து விடயங்களை எழுதிக்கொண்டு போங்கள்: நாயின் எடையும் வயதும்; தினமும் என்ன தின்கிறது; கடைசியாகப் பூச்சி மருந்தும் தடுப்பூசியும் எப்போது; இப்போது கொடுக்கும் மருந்துகள்; நீங்கள் கொடுக்க நினைக்கும் போத்தலின் பின்பக்கப் படம். இந்தத் தாள் கையில் இருந்தால், அந்தக் குளிசை உங்கள் நாய்க்கு வேண்டுமா வேண்டாமா என்பதை வைத்தியர் ஊகிக்காமல் சொல்ல முடியும். பதில் வரும்வரை போத்தலை உயரத்தில் பூட்டி வையுங்கள். நாய்க்கு மீனை அவியுங்கள்.